வெள்ளிப் பூண் போட்ட குளம்பு

குதிரைப்படை ரிசால்தார் சர்புலந்த் கான் வெள்ளைக்காரனிடம் வீரப் பதக்கம் வாங்கிய கதை ஜீலம் நதிப் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். மலைச் சண்டையில் குண்டடிபட்டுக் கிடந்த தங்கை புருஷன் மிஹ்ராபைத் தூக்கிவர, பின்வாங்கிய படையிலிருந்து அவர் மட்டும் திரும்பிப் போனாராம். போய்ச் சேருவதற்குள் மிஹ்ராப் செத்துவிட்டானாம். உடம்பைக்கூடக் கொண்டுவர முடியவில்லையாம்.

இந்த ஈத் பெருநாளிலும் விருந்தாளிகள் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு அதையேதான் அளந்தார். சேமியா பரிமாறிக்கொண்டிருந்த தங்கை பானோ அலமாரியில் இருந்த பதக்கத்தைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் அழகுக்கு வைத்திருந்த, வெள்ளிப் பூண் போட்ட குதிரைக் குளம்பைப் பார்த்தாள். அந்தப் படையில் குதிரை செத்துப்போனால், நம்பர் சூடு போட்ட குளம்பைக் கோடாலியால் வெட்டிக் கொண்டுவந்து காட்டினால்தான் வேறு குதிரை கிடைக்கும். ஊரில் பாதிப்பேர் குதிரைப்படைக்காரர்கள். எல்லாருக்கும் இது தெரியும்.

"அண்ணே, உன் குதிரை எங்க செத்துச்சு?"

"மிஹ்ராப் அடிபட்டு விழுந்தப்பவே, அவன் பக்கத்துலதான். பாவம், என்ன குதிரை!"

"குளம்ப எப்ப வெட்டுன?"

"அவனத் தூக்கத் திரும்பிப் போனப்பதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எவன் போக முடிஞ்சுது?" என்று பெருமையாகச் சொன்னவர், மீசையிலிருந்து சட்டென்று கையை எடுத்தார்.

விருந்தாளிகள் கையில் கரண்டி அப்படியே நின்றது. பானோ சேமியாச் சட்டியை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"அடிபட்டவனத் தூக்கப் போனவனுக்குக் கோடாலி எதுக்குடா?"