துரை மோட்டாரில் விழுந்த கீறல்கள்

அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் நான் அந்த மோட்டாரைத் துடைத்தேன். இதை அன்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

எனக்கு அப்போது எட்டு வயது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஒரு துரையின் பங்களாவுக்குப் பின்னால், குதிரை லாயத்தை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பா துரையின் குதிரை வண்டியை ஓட்டுபவர். அந்த வருஷம் துரை சீமையிலிருந்து ஒரு மோட்டாரை வரவழைத்தார். ஓட்டுவது துரை, கழுவுவது அப்பா என்று ஏற்பாடு. கரும்பச்சை நிறம். அதன் மேல் பூசியிருந்த வார்னிஷில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அப்பா இல்லாத நேரத்தில் நான் வாரியிருக்கிறேன்.

துரை மூன்று நாள் வேலையாகப் பெங்களூர் போயிருந்தார். திரும்பி வரும்போது சீமையிலிருந்து வந்த பெரிய துரை ஒருவரும் உடன் வருகிறார், அவரை மோட்டாரில் ஏற்றிச் சுரங்கமெல்லாம் சுற்றிக் காட்டப் போகிறார் என்று பங்களாவில் ஒரே பேச்சு. அது ஆடி மாசம். எங்கள் ஊரில் தங்கத்தை எடுத்துவிட்டு மீதி மண்ணை மலை போலக் கொட்டி வைத்திருப்பார்கள். சயனைட் மேடு என்போம். ஆடிக் காற்றில் அந்த மேடு கிளம்பி ஊரையே மூடும். சோற்றில் மண், தலையில் மண், பாயில் மண். மோட்டார் மேலும் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அப்பா குதிரைக்கு லாடம் அடிக்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தார். நான் அம்மாவின் பழைய புடவைத் துண்டை எடுத்து, கொட்டகைக்குள் நின்ற மோட்டாரை வட்டம் வட்டமாக, மூச்சு வாங்க, அழுத்தித் துடைத்தேன். மண் போய்விட்டது. நிழலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயந்திரம் அப்பா வந்து மோட்டாரை வெயிலுக்குத் தள்ளினார். தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேற்கு வெயில் பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். சிலந்தி வலையை எடுத்து ஒட்டியது போல இருந்தது. அப்பா விரலால் தடவினார், எச்சில் தொட்டுத் தடவினார், ஈரத்துணியால் துடைத்தார். ஈரம் இருக்கும்வரை மறைந்த கீறல் காய்ந்ததும் திரும்ப வந்தது. உலர்ந்த துணியை மோட்டார் மேல் வைக்கவே கூடாது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு மான் தோலால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான உத்தரவாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். லாயத்துக் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு முந்தின மாசம்தான் ரோஜாத் தொட்டி ஒன்றை உடைத்ததற்காகத் தோட்டக்காரரைத் துரை அன்றைக்கே அனுப்பியிருந்தார். வேலை போனால் வீடும் போகும். தோட்டக்காரர் பெண்சாதி தலையில் சட்டி பானையோடு நடந்து போனதை அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். கீறலைக் கண்ட அன்று அம்மா எங்கள் சட்டி பானைகளை எண்ணுவது போல ஒரு பார்வை பார்த்தாள்.

பெங்களூரில் குதிரை வண்டிக்கு வார்னிஷ் அடிக்கிற ஒருவர் இப்படிப்பட்ட கீறலை எடுப்பதை அப்பா ஒரு தடவை பார்த்திருந்தார். மாவைவிட நைசான ஏதோ பொடியை எண்ணெயில் குழைத்து உள்ளங்கையால் தேய்ப்பாராம். பல்லில் வைத்துக் கடித்தால் நறநறவென்று சத்தம் வரக்கூடாது, அதுதான் பொடிக்குப் பரீட்சை. மறுநாள் விடிந்ததும் அம்மா அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்தாள். அப்பா கடித்துப் பார்த்துத் துப்பினார். செங்கலை அரைத்தாள். அதை மோட்டாரின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் தேய்த்துப் பார்த்ததில் கீறல் இன்னும் கூடியது. அரிசி மாவு நறநறக்கவில்லை, ஆனால் கீறலை ஒன்றும் செய்யவும் இல்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க அண்ணன் வூட்ல இருக்குதுங்க."

அப்பா தலையைத் தூக்கவில்லை. "வாணாம்."

"இன்னிக்கி வுட்டா நாளிக்கி தொரை வந்துடுவாரு."

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நானும் ஓடினேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, சுரங்கத்தில் அடி மட்டத்தில் பாறை உடைக்கிறவர். அவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். ஏதோ கல்யாணப் பந்தியில் நடந்த சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவுடையது சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் கடைசி வீடு, மூங்கில் தட்டி வைத்துக் கட்டியது. மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா அத்தையின் காதில் ஏதோ சொன்னாள். அத்தை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு ஆட்டுக்கல் இருந்தது, அதன் அடியில் நாலைந்து சாக்கு மடித்துப் போட்டிருந்தது. மாவு ஆட்டும்போது சத்தம் வராமலிருக்க இப்படியும் செய்யலாமே, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குமே என்று நினைத்தேன். அத்தை மூலையில் இருந்த பானையைச் சாய்த்து, தண்ணீருக்கு அடியில் படிந்திருந்த சாம்பல் வெள்ளைச் சேற்றை ஒரு பிடி அள்ளித் துணியில் கட்டிக் கொடுத்தாள். அம்மா அதைக் கூடையில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினாள். கீரை வாடாமல் இருக்க ஈரத்துணி வைக்கிறாள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டேன். ஆனாலும் வழியில் சுரங்கக் காவல்காரர் ஒருவர் எதிரே வந்தபோது அம்மா என் கையை அத்தனை இறுக்கிப் பிடித்தது எதற்கென்று விளங்கவில்லை.

அப்பா அதில் துளி எடுத்துக் கடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. முகத்தில் மட்டும் கசப்பு. நல்லெண்ணெயில் குழைத்து, உள்ளங்கையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். உள்ளங்கை அளவு இடம் முடிந்ததும் வெயிலில் சாய்ந்து பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். மதியச் சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்து, இத்தனை பாடும் என்னால்தானே என்று சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். பொழுது சாய்வதற்குள் வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசியில் அரிசி மாவைத் தூவி எண்ணெயை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தோலால் ஒற்றினார். மோட்டார் வந்த நாளில்கூட அப்படி மின்னியதில்லை. மிச்சச் சேற்றை அம்மா எருக்குழியில் புதைத்தாள்.

மறுநாள் காலையில் துரை வந்தார். கூட வந்தவர்களில் பெரிய துரையும், சுரங்கக் காவலுக்குத் தலைவரான ஜமேதாரும் இருந்தார்கள். துரை மோட்டாரைச் சுற்றி வந்து சிரித்தார். அப்பா கைகட்டி நின்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அப்போதுதான் ஜமேதார் குனிந்து, கதவுக் கீலின் இடுக்கில் காய்ந்து கிடந்த கொஞ்சம் வெள்ளையை நகத்தால் சுரண்டி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, அவசரமில்லாமல் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னாப்பா?"

அப்பா குனிந்து கீலின் இடுக்கைப் பார்த்தார். துரையே சந்தோஷமாக இருக்கும்போது இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, நாம் சொல்லுவோம் என்று முன்னால் வந்தேன்.

"அது எங்க மாமா வூட்டு..."

அறை விழுந்தது. அப்பாவின் கை என் மேல் பட்ட முதல் அடி அதுதான், கடைசி அடியும் அதுதான். காதுக்குள் குயீ என்று கேட்டது.

"பல்பொடிங்க. புள்ள மாமன் வூட்லேந்து எடுத்தாந்து வண்டி மேல பூசி வெளையாடியிருக்குது. கழுவினேன், இடுக்குல நின்னுபோச்சு. மன்னிச்சிக்கோங்க." அப்பா ஒரே மூச்சில் சொன்னார்.

ஜமேதார் விரலைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்கு ஞாபகம். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைய வண்டி கிட்ட வுடாதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மோட்டார் புகைவிட்டுக் கிளம்பியது. அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் மாமா குடும்பத்தோடு குடியாத்தம் பக்கம் போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. அவர் சுரங்கத்திலிருந்து கல்லை மறைத்து எடுத்து வந்து, அந்த ஆட்டுக்கல்லில் அரைத்துத் தங்கம் அரித்துக்கொண்டிருந்தார் என்பதையும், அரித்த பின் மிஞ்சிய சேறுதான் மோட்டாருக்குப் போனது என்பதையும், எனக்கு முதல் குழந்தை பிறந்த சமயத்தில் அம்மா சொன்னாள். அந்த ஒரு பிடி சேற்றுக்கு மாமாவோடு அப்பாவும் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னத்து எரிச்சல்தான். அதைவிட எரிந்தது, நான் செய்யாததைச் செய்தேன் என்று அப்பா எல்லார் எதிரிலும் சொன்னது. ஐந்து நாள் அவரோடு பேசவில்லை. அவர் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். கீறல் விழுந்த அன்று ஒரு வார்த்தை திட்டாதவர், அது சுத்தமாகப் போன பிறகு எதற்கு அடித்தார் என்பதையே சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.