முதலாம் பாகத்தில் வீடு முடியவில்லை

கொழும்பில் வேலை செய்யும் என் தோழி போன வருடம் ஒரு நாவலை அனுப்பிவைத்தாள். காதல் கதை. தொடராக வரப்போகிறதாம், இது முதலாம் பாகம். அட்டையில் இருந்தது புனைபெயர், எழுதியவர் யாரென்று அவளுக்கும் தெரியாது. "வாசிச்சுப் பார், அப்பிடியே உங்கட ஊர்" என்று போனில் சொன்னாள்.

உண்மைதான். பாலத்தைத் தாண்டினால்தான் வெளியுலகம் என்று இருக்கிற ஒரு சின்ன ஊர். தெருவில் கழுதைகள், ஊரின் அந்தத்தில் வந்து நின்றுவிடும் ரயில். ஊருக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தார் எழுத்தாளர். பெண் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்க வந்தவனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போகிறது. வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் அவளுக்காகக் கட்டும் வீடு பாதியில் நிற்கிறது. "வீடு முடியட்டும்" என்கிறாள். அவன் தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறான், பாகமும் முடிந்துவிடுகிறது. வாசகர்களின் கருத்தைக் கேட்ட பிறகே இரண்டாம் பாகம் எழுதுவேன் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது.

கருத்துக் கேட்பது என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் வாயைக் கிளறாமல் எனக்குப் பொழுது போகாது. புத்தகத்தை மேசையில் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒரே நிபந்தனை, திருப்பித் தரும்போது கருத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிறந்தால் வீட்டைப் பற்றிய கவலையும் கூடவே பிறந்துவிடும். மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில், சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது போட்ட தகர வீட்டில்தான் உம்மாவும் நானும் தங்கச்சியும் இருக்கிறோம். அதே வளவில் தங்கச்சிக்கென்று எழுப்பிய கல்வீடு கூரையில்லாமல் நின்றது. வாப்பா மௌத்தாகி அடக்கமானதோடு வேலை நின்றது. முசலிப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, கலியாணம் இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. நோன்புப் பெருநாளைக்கு முன் ஒரு முடிவு சொல்லச் சொல்லி அவர்கள் பக்கத்திலிருந்து ஆள் வந்து போனது. முடிவு சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எனக்கு வந்த பேச்சுகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நாற்பதை நெருங்கும் எனக்கு இப்போது யாரும் பேசி வருவதில்லை.

முதலில் புத்தகத்தை வாங்கிப்போனவர் தலைமன்னாரிலிருந்து கந்தோரில் கிளார்க் வேலைக்கு வரும் ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தாராம்.

"கதை நல்லம். ஆனா அந்தப் பெட்டையின்ர தகப்பனுக்கு ஏச வேணும் போல கிடக்கு. அத்திவாரம் போட்ட மனுசன் கூரையை யோசிக்க வேண்டாமோ?"

"காதலைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா."

"காதலுக்கென்ன, அது தன்பாட்டில நடக்கும். வீடெல்லோ முக்கியம்."

அடுத்து நானாட்டானில் வயல் செய்யும் ஒரு ஐயா. உரமானியப் பத்திரத்துக்குக் கொப்பி எடுக்க வந்தவர். காதல் கதையை அவர் கேட்டு வாங்கியது எனக்கே ஆச்சரியம். அறுவடை முடிந்து புத்தகத்தோடு வந்தார். மாரிக்கு முன் கூரை போடாவிட்டால் சுவர் ஊறிவிடும், எழுத்தாளருக்கு இந்த விஷயம் விளங்கவில்லை என்றார். முத்தம் கொடுக்கும் பக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

இப்படியே போனது. கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டு விஷயத்தில் ஒரே கட்சி. காதலனின் கண்ணைப் பற்றி எழுத்தாளர் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார், அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இவர்களுக்கெல்லாம் என்ன பேய் பிடித்திருக்கிறது என்று எனக்கு விசித்திரமாக இருந்தது. நானும் முதல் வாசிப்பில் அந்த வீட்டுக் கூரைக்கு எத்தனை சீற் தேவைப்படும் என்றுதான் யோசித்தேன் என்பது வேறு விஷயம்.

பக்கத்துத் தையல் கடை நடத்துகிறவளின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியது. அவள் மட்டும்தான் வேறு மாதிரிக் கேட்டாள்.

"ஏன் அக்கா, அந்தப் பையனுக்கு வீடே இல்லையா?"

"இருக்கே. தாயோட இருக்கிறான் எண்டு மூன்றாம் அத்தியாயத்தில வருது."

"அப்புறம் என்ன? அந்தப் பொண்ணு அங்க போயிட வேண்டியதுதானே. எங்க பக்கம் எல்லாம் பொண்ணுதான் போகும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் பகிடியாகச் சொன்னேன். உம்மாவுக்குப் பகிடி பிடிக்கவில்லை.

"வீடில்லாமப் பெட்டையை அனுப்பிட்டா எண்டு ஊர் சிரிக்கும். இப்பிடிக் கதையெல்லாம் இங்க கொண்டுவராத."

மீன் வெட்டிக்கொண்டிருந்த தங்கச்சி தலையை நிமிர்த்தவில்லை.

அந்தக் கிழமை மாப்பிள்ளையே கடைக்கு வந்தார். மின்சார வேலை செய்கிறவர், ஏதோ பத்திரத்துக்குக் கொப்பி எடுக்க வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் கூச்சப்பட்டார். நிக்காஹ்வுக்கு முன் அவரும் தங்கச்சியும் கதைக்கக் கூடாது என்பது உம்மாவின் சட்டம், ஆனால் எனக்கு அந்தச் சட்டம் இல்லையே. புத்தகத்தைக் கையில் திணித்தேன். "வாசிச்சிட்டுக் கருத்துச் சொல்ல வேணும்" என்றேன். மற்றவர்கள் என்ன சொன்னாலும் எனக்குப் பொழுதுபோக்கு. இவர் இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பார் என்பது தங்கச்சியின் வாழ்க்கை.

அடுத்த கிழமை இன்னொரு கடதாசிக்குக் கொப்பி எடுக்க வந்தபோது திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு வெளியில் போய் நிற்கப் பார்த்தார். விடுவேனா?

"கருத்து?"

"அவன் ஏன் ராத்தா ஒண்டும் கேக்காமப் போறான்? எங்கட வீட்டுக்கு வாறியா எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கேல்ல எண்டு நினைக்கிறீங்கள்?"

"கேட்டா, உங்களால வீடு கட்ட ஏலாது எண்டு அவளின்ர உம்மாட முகத்துக்கு நேர சொன்ன மாதிரி எல்லோ. பாவம், அதுதான் பேசாமப் போறான்."

"நீங்கள் எண்டா?"

"நானும் கேக்க மாட்டன் ராத்தா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கொப்பி எடுக்கக் கொண்டுவந்த கடதாசியை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் தங்கச்சியிடம் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். உம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா, அவவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு உம்மாவின் போனை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது அவருடைய உம்மாவுக்கு.

"மாமி, நான்தான் கதைக்கிறன். வீடு முடியிறதுக்கு முன்னால நான் அங்க வந்தா எனக்கு ஒரு அறை தருவீங்களா?"

உம்மாவின் கையில் சுளகு அப்படியே நின்றது. மாமியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அறை எப்பவோ வெள்ளையடிச்சுக் கிடக்கு மகள். உங்கட உம்மாட மனம் நோகும் எண்டு இவன்தான் கேக்க விடேல்ல."

தங்கச்சி போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அழுதது உம்மாதான்.

"அப்ப இந்தச் சுவரெல்லாம் ஆருக்கு? உன்ர வாப்பா ஆருக்காக எழுப்பினது?"

"ராத்தாவுக்கு" என்று தங்கச்சி என்னைக் காட்டினாள். "கூரையை ஆறுதலாப் போடுங்கோ. ராத்தாவும் நீங்களும் இருங்கோ. மாப்பிள்ளை ஒருத்தர் வந்தாத்தான் அவ வீட்டில இருக்க வேணுமோ?"

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. என்னை இப்போதுதான் முதல்முறை காண்கிறவ போல நெடுநேரம் பார்த்தா. எனக்கு அவமானமாகவும் சந்தோஷமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. எங்கேயாவது எழும்பிப் போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

"உனக்கு எந்த அறை வேணும், மகள்?" என்று கேட்டா.

அந்தச் சுவர்கள் எழும்பியபோது காலையும் மாலையும் தண்ணீர் அடித்தவள் நான்தான். எந்த ஜன்னலில் கடல் காற்று வரும், எந்த மூலையில் வெயில் விழும் என்று எனக்குத் தெரியும். தங்கச்சியின் கட்டிலை எங்கே போடுவது, பிள்ளைகள் பிறந்தால் எங்கே படுப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். எனக்கு எந்த அறை வேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.