மூச்சு வாங்கிய பெரியம்மா

பெரியம்மா ஒரு மூச்சு உள்ளே இழுத்தால் எதிர்வீட்டு ஜன்னல் திரை தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நலம் விசாரிக்கும். சும்மா போய்க்கொண்டிருக்கிற மேகம் ரெண்டு வழி தப்பி மொட்டை மாடியில் இறங்கும். கடலோரத்தில் நிறுத்தி வைத்தால் வந்த அலை திரும்பிப் போகாது. புளுகு என்று நினைப்பவர்கள் அவளுக்கு எதிரே நின்று பார்க்கலாம். சட்டைப் பொத்தானுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

ஆனால் இது இப்போதைய பெரியம்மா. போன வருஷத்துப் பெரியம்மாவுக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவளுக்கு 'ஏர் பிரேக்' என்று பெயர். இருக்கையில் உட்கார்ந்ததும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடுவாள். அது வண்டி விட்டதா அம்மா விட்டதா என்று கண்டக்டருக்கே சந்தேகம் வரும். வருஷாந்தர மருத்துவச் சோதனையில் டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டினார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், புருவம் நெற்றிக்கு ஏறியது. மாத்திரை போட்டும் இறங்காத அழுத்தம். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அவளைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட்டு. பல் செட்டைத் தொலைத்தவர் வந்து கேட்டாலும் என்ன கேட்கிறார் என்று யாருக்குப் புரியும்? கோடை முடியும்போது மறுசோதனை. அழுத்தம் இறங்கியிருந்தால் ஸ்டியரிங். இல்லையென்றால் ஓய்வு பெறும் வரை ஒற்றைச் செருப்புகளோடு குடித்தனம்.

காலையில் பேருந்தைக் கிளப்புமுன் காற்றுத் தொட்டி நிரம்ப வேண்டும். அழுத்தம் காட்டுகிற முள் ஏறினால்தான் பிரேக் பிடியை விடும். அறை ஜன்னல் வழியாக, காற்றுக்காகக் காத்து நிற்கிற வண்டிகளைப் பார்த்தபடி பெரியம்மா சொன்னாள்: "வண்டிக்கு பிரஷர் ஏறலன்னா நகராது. எனக்கு பிரஷர் எறங்கலன்னா நகராது. என்ன பொழப்பு பாரு!"

டாக்டர் மாத்திரையை மாற்றியதோடு, மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பிரிவுக்கும் சீட்டு எழுதினார். அங்கே இருந்த பயிற்சிக்காரத் தம்பிக்கு வாசலில் பெரிய வரிசை. ஒரு பிளாஸ்டிக் குழலைக் கையில் திணித்து, "காலைல சாயங்காலம் இத வாயில வச்சு முப்பது தடவ நல்லா மூச்சு வாங்குங்கம்மா. மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மூச்சு வாங்குவதுதானே வியாதி, அதையே மருந்தாகவும் சொல்கிறானே என்று பெரியம்மா பேருந்து நிறுத்தம் வரை யோசித்தாள். பிறகு, முள்ளை முள்ளால்தானே எடுக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கீழ்ப்படியிலிருந்து மொட்டை மாடி வரை ஏறினாள். நாக்குத் தள்ளியது. குழலை வாயில் வைத்து, வெயிலில் ஓடிவந்த நாய் மாதிரி மூச்சிரைத்தாள். அப்புறம் இறங்கி, மறுபடி ஏறினாள்.

கூடவே நின்று எண்ணியது வாலு. பெரியம்மாவின் தங்கை மகள். அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு. இந்தக் கதையை இத்தனை பிழையோடு எழுதுகிறவளும் அவளேதான்.

"இன்னும் ஒரு மாடிதான் பெரியம்மா. நடுவுல போய்ச் சேந்துடாத, பரீட்சை நேரம். லீவு தரமாட்டாங்க."

"உன்ன... கீழ... வந்து... பேசிக்கறேன்டி."

ஒரு வாரம் கழித்துப் போனபோது அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று தம்பி கேட்டான். பெரியம்மா பெருமையோடு விவரித்தாள். அவன் முகம் வெளுத்தது.

"ஐயோ, மூச்ச உள்ள வாங்கச் சொன்னேம்மா! கடைல சாமான் வாங்குற மாதிரி!"

"அப்ப இழுன்னு சொல்றதுக்கென்ன தம்பி? மூச்சு வாங்குதுன்னு உங்ககிட்ட வந்தா, இன்னும் வாங்குன்னா?"

அன்றைக்கு அவன் வரிசையை நிறுத்திவிட்டு அவளைப் படுக்க வைத்தான். விலாவுக்குக் கீழே குளிர்ச்சியாக எதையோ தடவி, ஒரு கருவியை அழுத்தினான். பக்கத்துத் திரையில், சாம்பல் நிற மூட்டத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளைவு. பெரியம்மா மூச்சை இழுத்தாள். வளைவு கீழே போனது. விட்டாள், மேலே வந்தது.

"யாரு இது?"

"உதரவிதானம்மா. நுரையீரலுக்குக் கீழ குடை மாதிரி ஒரு தசை. இதுதான் காத்த உள்ள இழுக்குது."

"வார லீவு உண்டா இதுக்கு?"

"பொறந்ததுலேர்ந்து கெடையாது. நீங்க தூங்குறப்பவும் டியூட்டிதான்."

வார ஓய்வுக்காக டிப்போ வாசலில் கொடி பிடித்து நின்றவள் பெரியம்மா. அவளுக்கு உள்ளேயே ஒரு ஜீவன் ஒரு நாள்கூட உட்காராமல், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கல்யாணத்தன்று, பிரசவத்தின்போது, பாலத்தின் மேல் வண்டிக்கு பிரேக் பிடிக்காமல் போன ஒரு மழைநாளில், எல்லா நேரமும். திரையைப் பார்த்துக்கொண்டே அவள் மெதுவாக இன்னொரு மூச்சு இழுத்தாள், அது வருகிறதா என்று பார்க்க. வந்தது.

தம்பி சொன்னான்: "இது களைச்சுப்போனா, 'எனக்கு ரத்தம் பத்தல'ன்னு கூப்பாடு போடும். ஒடனே கை கால் ரத்தக்குழாயெல்லாம் இறுகும். குழாய் இறுகினா இதயம் இன்னும் அழுத்தித் தள்ளணும். இந்தக் குழலுக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, காத்த சுலபமா விடாது. அதோட மல்லுக்கட்டினா தசைக்கு பலம் வரும், கூப்பாடு கொறையும். நெறைய பேருக்கு அழுத்தம் எறங்குது. எல்லாருக்கும் எறங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

வீட்டில் மூக்குக்குக் கவ்வி மாட்டி, வாயில் குழலை வைத்து பெரியம்மா இழுத்தாள். ஸ்பிரிங் அசையவில்லை. முகம் சிவந்ததுதான் மிச்சம். பெரியப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு. அந்தத் தம்பிக்குக் கோயில் கட்டலாம்" என்றார். வாயில் குழல் இருந்ததால் தப்பித்தார்.

வாலு மெல்லிய தாளில் டிப்போ மேனேஜரின் முகத்தை வரைந்து, குழலின் மறுமுனைக்கு நேராக ஒரு நூலில் தொங்கவிட்டாள். சரியாக இழுத்தால் மேனேஜர் பறந்து வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவர் மீசைகூட ஆடவில்லை. சில நாளில் தலையை ஆட்டினார். அப்புறம் ஒரு காலையில் சட்டென்று தாவி வந்து குழலின் வாயில் அப்பிக்கொண்டார். பெரியம்மா மூச்சை விடும்வரை பிடி விடவில்லை.

"பாத்தியா! சாவியக் குடுக்கத்தான் ஓடி வர்றான்!"

"மொதல்ல அவருக்கு மூச்சு வருதான்னு பாரு பெரியம்மா."

கோடை முடிவதற்குள், அவளே கவனிக்காமல் ஒரு நாள் பேசிக்கொண்டே மொட்டை மாடி வரை ஏறிவிட்டாள். பேச்சு எங்கேயும் அறுபடவில்லை. மேலே போய்த்தான் அது உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, உள்ளே இருக்கிற அந்தக் குடைக்குக் கேட்கட்டும் என்பதுபோல், விலாவை ரெண்டு தட்டுத் தட்டினாள்.

மறுசோதனைக்கு முன்பு தம்பி அவள் முழங்கைக்குள் ஓடுகிற ரத்தக்குழாயைத் திரையில் காட்டினான். பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தினான். பிறகு பட்டென்று தளர்த்தினான். ரத்தம் பாய்ந்தது. குழாய் தானாகவே விரிந்து அதற்கு வழிவிட்டது. ஆரம்பத்தில் பார்த்தபோது இத்தனை விரியவில்லை என்று பழைய படத்தையும் போட்டுக் காட்டினான். பெரியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் தெருவே ஒதுங்குகிற மாதிரி இருந்தது. தன் கைக்குள் இத்தனை மரியாதை தெரிந்தவர்கள் இருப்பது இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

"நாளைக்கு டாக்டர் அளக்கறப்பவும் இப்படியே இருக்குமா தம்பி?"

"அது என் கைல இல்லம்மா."

மறுநாள் டாக்டரின் அறையில் பெரியம்மா நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து உட்கார்ந்தாள். வாலு கதவில் சாய்ந்துகொண்டு, வந்ததே மின்விசிறிக் காற்றுக்குத்தான் என்கிற மாதிரி கூரையைப் பார்த்தாள். டாக்டர் பட்டையைக் கட்டினார். காற்று ஏறியது, இறங்கியது. முள்ளைப் பார்த்தார். கருவியைத் தட்டிப் பார்த்தார். அடுத்த கையில் கட்டினார். மறுபடி காற்று ஏறியது. பெரியம்மாவுக்குத் தொலைந்த பொருள் அறையின் வாடை மூக்கில் அடித்தது. உள்ளே குடை விரிந்தது, மடங்கியது, விரிந்தது. அவள் அதை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் நம்பல" என்றார் டாக்டர். "நல்லா எறங்கியிருக்கும்மா. மாத்திரையும் பயிற்சியும் தொடரணும். திங்கக்கெழமை வண்டிய எடுங்க."

பெரியம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாலுவின் முகம் தக்காளியாகச் சிவந்து, கன்னம் ரெண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

"ஏய் வாலு, எனக்கு அளந்து முடிச்சாச்சு. நீ மூச்ச விடுடி."

புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. "யாரு புடிச்சா? எனக்கு விக்கல்."

"ஓ! விக்கலுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுமா?"