தகரக் கராஜுக்குள் பெய்த மழை

எங்கள் கராஜுக்குக் குளிர் தடுக்க எந்த இன்சுலேஷன் போடவேண்டும் என்பது பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழர் ஒருவரையும் நான் ரொறன்ரோவில் சந்திக்கவில்லை. சுத்தியலைக் கையால் தொடாதவர்கள்கூடக் கோயிலில் அன்னதான வரிசையில் மறித்து வைத்து வகுப்பெடுத்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என் பாட்டில் செய்தேன்.

கராஜ் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் புது வீட்டு வரிசைகள் முடிகிற இடத்துக்கு அப்பால் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்வளவில் அது நிற்கிறது. நிலத்தில் ஊன்றிய மரத்தூண்கள், தூண்களைச் சுற்றி அறைந்த தகரம், மேலே தகரக் கூரை, முன்னால் வான் நுழையக்கூடிய பெரிய கதவு, பக்கத்தில் ஆள் நுழைகிற சின்னக் கதவு. இங்கே இதற்குப் 'போல் பார்ன்' என்று பெயர், தூண் கொட்டகை. முன்பிருந்தவர் அதற்குள் ட்ராக்டர் விட்டிருந்தார். வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர், காற்று மட்டும் அடிக்காது.

அந்தத் தகரப் பெட்டி எனக்கு வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பக்ரரியில் இருபத்திரண்டு வருடம் கார் சீற்றுக்கு உறை தைத்தவள் நான். பக்ரரியை மூடியபோது மற்றவர்கள் கேக் வெட்டிப் படம் எடுத்தார்கள், நான் என் தையல் மெஷினை விலைக்குக் கேட்டேன். அதைக் கொண்டுவந்து கராஜில் வைத்து, சோபாவுக்கும் கார் சீற்றுக்கும் புது உறை போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். கோடையில் வேலை பறந்தது. குளிர் வந்ததும் பசை ஒட்டவில்லை, ரெக்சின் மடித்த இடத்தில் வெடித்தது, என் விரல்கள் ஊசியை விட்டுவிட்டுத் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. மார்கழி வருவதற்குள் மூடிவிட்டேன்.

அதற்காகக் காத்திருந்தவர் போல அத்தான் வந்தார். அத்தான் என்றால் என் கணவரின் தமையன். கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவர். தூண், குடை, யானைமுகம் என்று அவருடைய பேஸ்மென்ற் நிரம்பி வழிந்தது. 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்றார். சும்மா! இவர், என் கணவர், இரண்டு பக்கமும் நோகாமல் தீர்ப்புச் சொன்னார்: "வாற வின்ரரையும் பாப்பம். அதுக்குள்ளயும் சரிவரேல்லை எண்டா அண்ணைக்குக் குடுப்பம். நீர் எங்கையாவது வெயர்ஹவுசில பக்கிங் வேலைக்குப் போம்." ஐம்பத்திரண்டு வயதில் யாரோ ஒரு சுப்பவைசரிடம் ரொயிலற்றுக்குப் போக அனுமதி கேட்க நான் தயாராக இல்லை. ஒரு வின்ரர், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தவணை.

அதனால் படித்தேன். ஒருவர் நுரை அடிக்கச் சொன்னார், அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. இன்னொருவர் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழிச் சுருள் வாங்கச் சொன்னார். சோற்றுப் பார்சல் கட்டத்தான் அது உதவும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் மரக்கடையில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர்தான் ஒரு மட்டையில் படம் கீறி விளங்கப்படுத்தினார். சுவருக்கு அந்த ரோஸ் நிறக் கண்ணாடிநார்ப் பஞ்சு போதும், ஆனால் உட்பக்கம் முழுக்கப் பிளாஸ்ரிக் தாள் அடித்து மூடு. கூரைத் தகரத்தோடு பஞ்சை ஒட்டி வைக்கவே வைக்காதே. கீழே தட்டையாக ஒரு சீலிங் போட்டு, அதற்கும் பிளாஸ்ரிக் அடித்து, மேலே பஞ்சைப் பரப்பு. பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓடவேண்டும். மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் விளங்கியது.

சுவர்களை அவர் சொன்னபடியே செய்து முடித்தேன். பஞ்சின் தூள் கழுத்துக்குள் போய், இரண்டு கிழமையாய்ச் சாமி கும்பிடும்போதும் சொறிந்துகொண்டுதான் நின்றேன். சீலிங்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஐயர், பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரலுக்கு நாள் கொடுத்தார்: கார்த்திகையின் கடைசி நல்ல நாள். அதை விட்டால் மார்கழி, மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது, இனித் தையில்தான். அத்தான் உடனே சொன்னார்: "சாமான் அடுக்கிறதுக்கு நாள் கோள் பாக்கத் தேவையில்லை. நீர் ஆறுதலாய்த் தையில பால் காய்ச்சும். அதுவரைக்கும் என்ர தூணுகள் உதுக்குள்ள கிடக்கட்டும்."

அவருடைய தூண் ஒருமுறை உள்ளே வந்தால் பிறகு வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். பஞ்சை எடுத்துக் கூரை மரங்களுக்கு இடையே தகரத்தோடு நெருக்கித் திணித்து, கீழே கயிறு இழுத்துக் கட்டினேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. எது பிழை என்று மரக்கடைக்காரர் படம் கீறிக் காட்டினாரோ அதையேதான் செய்தேன். நல்ல நாளைத் தவறவிடக் கூடாதாம்!

குடிபூரலன்று வெளியே மைனஸ் பதினைந்து. வெக்ஸ்போர்ட்டில் இருந்தும் மார்க்கத்தில் இருந்தும் நாற்பது பேர் வந்தார்கள். பெரிய கதவை இறுக்கி மூடி, காஸ் ஹீற்றரை ஊதவிட்டு, நடுவில் காஸ் அடுப்பில் பால் வைத்தோம். பால் வடக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஐயர் மணியை எடுத்தார், அவருடைய தோளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நிறைகுடத்தில் ஒன்று. பிறகு ஒரு அன்ரியின் கூறைச் சேலையில். கொஞ்ச நேரத்தில் கராஜ் முழுக்க மழை. அன்ரிமார் பலகாரத் தட்டுகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அபசகுனம் என்று யாரோ மெதுவாகச் சொல்ல, யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

அத்தான் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "கூரை ஒழுகுது. மனுசர் இருக்கிற இடமில்லை இது."

வெட்கத்தில் என் காது சுட்டது. அழுகையும் வந்தது, அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது. "கூரை ஒழுகேல்லை அத்தான்" என்றேன். "இது எங்கட மூச்சு. பாலின்ர ஆவியும் ஹீற்றரின்ர ஈரமும் பஞ்சுக்குள்ளால மேல போய், குளிர்ந்த தகரத்தில பட்டுத் திரும்பி வருது. ரெண்டு நாளாய் ஹீற்றர் விட்ட ஈரம் உறைஞ்சு கிடந்து, இப்ப கூரையில வெயில் படக் கரையுது. பிழை என்னிலதான். நாளைக்குப் பிடுங்கிறன்."

"நாளைக்கு மார்கழி" என்றார் ஐயர்.

"தெரியும் ஐயா."

"மார்கழியில ஒண்டும் தொடங்கக் கூடாது பிள்ளை" என்றார் நனைந்த சேலை அன்ரி.

"நல்ல நாளுக்கு அவசரப்பட்டுத்தான் அன்ரி உங்கட சேலை நனைஞ்சது" என்றேன். அன்ரி சேலைத் தலைப்பைப் பிழிந்தார். சாப்பாடு மட்டும் வீட்டுக்குள் நன்றாக நடந்தது.

மார்கழி முதல் நாள் காலை ஏணியை வைத்தேன். நனைந்த பஞ்சு பிண்டம் பிண்டமாய் முகத்தில் விழுந்தது. இரண்டு நாள் தனியாகப் பிடுங்கினேன். மூன்றாம் நாள் இவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் சுத்தியலை அவரிடம் நீட்டினேன். சீலிங்குக்குச் சட்டம் அடித்தோம். பிளாஸ்ரிக் தாளை நான்தான் விரித்தேன். சீற்று உறை எங்கே பிரியும் என்று கேட்டால் பக்ரரியில் எல்லோரும் தையல் சேருமிடத்தைத்தான் காட்டுவோம், இதுவும் அப்படித்தான். தாளோடு தாள் சேருமிடமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஒரு அடி ஏறவிட்டு, இரட்டையாக ஒட்டுநாடா ஒட்டி, ஆணிகள் போன இடங்களையும் அடைத்தேன். பிறகு வாடகைக்கு எடுத்த, பஞ்சு ஊதுகிற மெஷினில் இவர் கீழே நின்று உதிரிப் பஞ்சைக் கொட்ட, நான் சீலிங்குக்கு மேலே தவழ்ந்து குழாயால் பரப்பினேன். ஓரங்களில் காற்றுப் போகிற வழியை மட்டும் அடைக்கவில்லை.

அப்போதும் ஒரு பக்கத்தால் குளிர் வந்துகொண்டே இருந்தது. கையை வைத்துத் தேடிப் பார்த்தேன். பெரிய கதவு. அதைச் சுற்றி எத்தனை ரப்பர் ஒட்டினாலும் காற்று நுழைந்தது. இவரிடம் கேட்காமலே ஒரு முடிவெடுத்து மரம் வாங்கிவந்தேன்.

மார்கழி முடிய இன்னும் ஒரு கிழமை இருந்தது. மைனஸ் இருபத்தி நாலு. இடியப்பப் பானையில் தண்ணீர் நிரப்பி மத்தியானம் முழுவதும் கராஜுக்குள் வேண்டுமென்றே கொதிக்கவிட்டேன். ஏணியில் ஏறி சீலிங்கை உள்ளங்கையால் தடவினேன், மூலை மூலையாக. ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஏணியில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தானுடைய வான் பின்பக்கமாய் வந்து நின்றது. குடிபூரல் மழையோடு என் கதை முடிந்தது என்று அவர் நினைத்திருக்கிறார், தூண்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய கதவில் தட்டினார். நான் பக்கக் கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"பெரிய கதவைத் திறவும், தூணுகள் கிடக்கு."

"அது திறக்காது அத்தான். உள்ளுக்குச் சட்டம் அடிச்சு, பஞ்சு வைச்சு மூடிப்போட்டன். இனி அது சுவர்."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வானைப் பார்த்தார். "அப்ப என்ர தூணுகள்?"

"உங்கட தூணுகளுக்குக் குளிராது அத்தான். எனக்குக் குளிரும்."

அவர் வான் பக்கம் திரும்பினார். "உள்ள வாறதெண்டா வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றேன். "இல்லாட்டிக் கதவைச் சாத்தப்போறன், சூடு போகுது."

வந்தார். நான் பாதி உறை போட்டிருந்த சோபாவின் நுனியில், கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் ஜக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்தார். நான் பார்க்காத மாதிரி மெஷினை ஓட்டினேன்.