தையல் மிஷினும் கூட்ஸ் வண்டியும்

பரவை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் குடியிருந்த மாயக்காளுக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும்; சொந்தமாக மிஷின் கிடையாது. பாதுஷா டெய்லர் மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் கடை மிஷினில் உட்கார்ந்து, அவர் திரும்புவதற்குள் தைத்து முடிப்பாள். ஒரு கை தைத்து, மறு கை தைக்காமல் எழுந்து வந்த நாட்களும் உண்டு. பாதுஷா நல்ல மனுஷர்தான். ஆனாலும் மிஷின் அவருடையது.

எழுபத்தொன்பதில் ஒரு சோப்புக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது. சோப்பு வாங்கினால் கூப்பன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் பொட்டலில் குலுக்கல். முதல் பரிசு தையல் மிஷின். மாயக்காள் ஒரே ஒரு சோப்பு வாங்கினாள். கூப்பனில் 417 என்று இருந்தது.

"நம்பரை மூணு தடவை கூப்பிடுவோம். ஆள் நேர்ல வரணும். வரலேன்னா அடுத்த நம்பர்" என்று மைக்கில் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனாள். கை இறுக்குகிறது என்றார்கள். விடிந்தால் முகூர்த்தம். பிரித்து, ஊசி வாங்கிக் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால், ரயில்வே கேட் மூடியிருந்தது. சிக்னல் கைகாட்டி இறங்காததால் கூட்ஸ் வண்டி ஒன்று பாதையை அடைத்து நின்றது.

ஒலிபெருக்கி மட்டும் துல்லியமாகக் கேட்டது. "முதல் பரிசு... நானூத்திப் பதினேழு!"

முந்தியில் முடிந்திருந்த கூப்பனை அவிழ்த்துப் பார்த்தாள். "நான்தான்! இந்தா இருக்கேன்!" என்று கத்தினாள். இத்தனை பெட்டிகளைத் தாண்டி யார் காதில் விழும்?

பெட்டிக்கு அடியில் குனிந்து நுழையப் போனவளைக் கேட்கீப்பர் மொக்கைச்சாமி பிடித்து இழுத்தார். "கிறுக்கா பிடிச்சிருக்கு? வண்டி எப்ப நகரும்னு எனக்கே தெரியாது."

"விடுங்கண்ணே, என் நம்பரக் கூப்பிடுறாக!"

"கூப்பிடட்டும் தாயி. உன்னைய விடமாட்டேன்."

இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவள் படுகிற பாட்டைப் பார்த்து மொக்கைச்சாமியும் வாயில் கையைக் குவித்துக் கத்திப் பார்த்தார். மூன்றாவது தடவை கூப்பிடும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, ஒரு முழம் நகர்ந்து, மறுபடி நின்றது. அந்தப் பக்கம் வேறு நம்பரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது.

கேட் திறந்ததும் ஓடினாள். கம்பெனிக்காரர் கூப்பனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் சரிதாம்மா. ஆனா குடுத்தாச்சே. நான் என்ன செய்யட்டும்?" அவர் முகத்திலும் வருத்தம்தான். இரண்டு சோப்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மிஷின் சைக்கிள் கடை நல்லகாமனுக்குப் போயிருந்தது. அவர் வீட்டில் யாருக்கும் தையல் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து அவர் பெண்சாதி ரெங்கம்மாளே கூப்பிட்டு விட்டாள்.

"நூல் கோக்கவே தெரியல மாயக்கா. வந்து சொல்லிக்குடேன்."

போனாள். நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டினாள். வெண்ணெயாக ஓடியது. கேட்கக் கூசியது, கேட்டுவிட்டாள்.

"சும்மா கெடக்குற நேரத்துல வந்து தச்சுக்கிறட்டுமா, மதினி?"

"அதுக்கென்ன, வா."

அந்த வருஷம் தீபாவளித் துணியெல்லாம் அதில்தான் தைத்தாள். தை மாதம் நல்லகாமன் மகளைக் கொட்டாம்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். மிஷின் சீரோடு போனது. வண்டியில் ஏற்றுவதற்கு ஆள் பத்தவில்லை என்று கூப்பிட்டார்கள். மாயக்காள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி விட்டாள்.