துணைக்குப் போன சூப்பர்வைசர்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் பொம்பளை சூப்பர்வைசராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது, யார் எவ்வளவு சுற்றினார்கள் என்று எழுதிவைக்கிற புரொடக்‌ஷன் போர்டைத்தான் பார்ப்போம். எண் குறைந்தால் அந்த ஆளுக்கு ஏதோ கோளாறு. குறையாவிட்டால் ஆள் கல்லுக்குண்டு. அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

என் பிரிவில் வேலை பார்த்த பேச்சியம்மாளின் அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மெஷின் முன்னால் நின்று அழுவாள், நூல் அறுந்து தொங்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“டாக்டர்ட்ட காட்டி மாத்திரை வாங்கிக் குடுங்க. சீட்டு இல்லாம வந்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்.”

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநல டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. கேள்வி பேச்சிக்கு, பதில் பூராவும் நான். இருபத்திரண்டு வருஷம் அதிகாரம் பண்ணிய வாய் சும்மா இருக்குமா?

அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அவளிடமே கேட்டார். பேச்சி தூங்குகிறாளாம், சாப்பிடுகிறாளாம், பிள்ளைகளோடு சிரிக்கவும் செய்கிறாளாம். அம்மா ஞாபகம் வந்தால்தான் அழுகை. இது துக்கம், மெல்ல ஆறும், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மனம்விட்டுப் பேச ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. தூக்கம் கெட்டாலோ, சாகலாம் என்று நினைப்பு வந்தாலோ உடனே வரவேண்டும் என்றும் சொன்னார்.

நான் விடவில்லை. மாத்திரை எழுதாத சீட்டை மேனேஜர் மதிப்பாரா?

“தூக்கத்த வச்சி எப்பிடிம்மா சொல்லுதீக? எனக்கு எட்டு மாசமா மூணு மணிக்கே முழிப்பு. சோறு எறங்கல. ஆடிப்பூரத் தேருக்குக்கூடப் போகப் பிடிக்கல. நான் நல்லாத்தான இருக்கேன்? இவளுக்கு ரெண்டு மாத்திரையாவது எழுதுங்க.”

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அரைமணி நேரம் கேட்டார். எதற்கென்றே தெரியாமல் அழுதேன். பேச்சிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். மனச்சோர்வு, இதற்கு மருந்து வேண்டும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டும் பேச்சி கையில்.

“யக்கா, மேனேஜர்ட்ட யாரு சீட்டக் காட்டணும்?” என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அழுகிறவருக்கெல்லாம் வைத்தியம் தேவையில்லை. ஒழுங்காக வேலைக்கு வருகிறவருக்குத் தேவைப்படலாம். நான் படித்தது இதுதான். ஆனால் இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் என் சீட்டைத்தான் முதலில் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

பிறகு பேச்சியின் சீட்டை நீட்டினேன். மாத்திரை எங்கே என்று அவர் கேட்கவில்லை.