அஸர் நேரத்துப் பிழை

காலையில் கைபேசியில் பஸ்ஸுக்கு இடம் பதியப் போனால், "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்கிறது திரை. என்ன தவறு, எங்கே? மூச்சில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒரு காலத்தில் நானும் கூட்டாளி ஜெஸீலும் இதே வசனத்தை எழுதித்தான் சோறு தின்றோம்.

கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடைக்கு மேலே எங்கள் அறை. புதுத்துணியின் கஞ்சி வாசம் படியேறி வரும்; இன்றைக்கும் அந்த வாசம் பட்டால் எனக்குக் கொம்பியூட்டர்தான் ஞாபகம். எங்களுக்கு இருந்தது ஒரேயொரு வாடிக்கையாளர், சவளக்கடைப் பக்கம் நெல் மில் வைத்திருந்த ஹாஜியார். லொறியில் வரும் நெல்லின் நிறையைப் பதிய நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம், தினமும் ஒரு பதிவை அரைகுறையாக விட்டுவிடும். கரண்ட் போகிறதா என்று கேட்டோம்.

"கரண்ட் ஒருநாளும் போகல்ல. இந்தக் கிழமைக்குள்ள சரிவரல்லண்டா பெட்டியத் தூக்கிட்டுப் போங்க தம்பிமார்!"

அவர் போனால் எங்கள் அறைக்குப் பூட்டு. வாப்பா வேறு என்னைக் கட்டாருக்கு அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஊரைவிட்டுப் போக மனமே இல்லை.

வேலை பாதியில் நின்றால், மறுபடி எழும்பும்போது புரோகிராம் அதை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். லொக் என்போம். திறந்தால் "ஏதோ பிழை", "ஏதோ பிழை" என்று கடைசி வரைக்கும். எழுதிய புண்ணியவான்கள் நாங்களேதான். ஜெஸீல் வீறாப்பாக, நடப்பதையெல்லாம் எழுதும்படி மாற்றினான். சாவியைத் தட்டியதுகூடப் பதிவாகிக் கோப்பு வீங்கியது. ஓயாமல் குரைக்கிற நாயை யார் எழும்பிப் பார்ப்பார்? அதையும் அழித்துவிட்டு, பிழைக்கு மட்டும் ஒரு வரி வைத்தோம்: எத்தனை மணிக்கு, எந்த லொறியின் எந்த வேலை பாதியில் நின்றது.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் அந்த மணிகளை நான் வாசித்தேன். எல்லாம் மூன்றரையை ஒட்டியே இருந்தன. அந்த நேரம் பார்த்து பக்கத்துப் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் வாங்கு.

"மச்சான், மணிய ஒருக்கா பாரு!" என்று கத்தினான் ஜெஸீல்.

மில்லுக்குப் போன் எடுத்தோம். மெஷின் பார்க்கும் காதர் காக்கா நிதானமாகச் சொன்னார்: "கரண்ட் போகல்ல தம்பி, நான்தான் மெயின் சுவிச்ச இறக்கிற. வாங்கு சொன்னா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டுத்தான் தொழப் போவன். கொம்பியூட்டரும் களைச்சிரிக்கும்தானே?"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. கொம்பியூட்டருக்குத் தனியாக ஒரு பற்றரி வைத்தோம். ஹாஜியார் தங்கினார், நானும் ஊரில் தங்கினேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை. எங்கள் லொக்குகள் படு ஒழுங்கு. எந்த ஊரில் பிழை விழுந்தாலும் அந்த ஊர் மணியில் அல்ல, உலகப் பொது நேரத்தில்தான் பதிவாகும்; அதுதான் முறை, புதிதாக வருபவர்களிடம் நானே அதை வற்புறுத்துவேன். ஆனாலும் அந்த வரிகளை எவ்வளவு வாசித்தாலும், சவளக்கடையில் எப்போது அஸர் என்று தெரிவதில்லை.